டூட்டிங்கில் ஒரு டைபாய்டு ஊசி

மலாவிக்குத் திரும்பும் வழியில் லண்டனில் சில வாரம் தங்கியிருக்கிறேன். இன்று டைபாய்டு தடுப்பூசிக்காக டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடைக்கு வந்திருக்கிறேன்.

"ஊசியோ, குளிசையோ, அண்ணை? ரெண்டும் இருக்கு. உங்களுக்கு எது விருப்பம்?" மருந்தாளர் யாழ்ப்பாணத்துப் பெண்; மாத்திரையைக் குளிசை என்கிறார்.

எரிச்சல் பொங்குகிறது, அவர் மேல் அல்ல. மலாவியின் கிராமத்து சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைப் பொருத்துவது என் வேலை. கடைசியாகப் பொருத்திய பெட்டி அருமையாகக் குளிர்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. தட்டம்மைத் தடுப்பூசி இன்னும் வந்து சேரவில்லை. நேற்று லண்டனில், தடுப்பூசி அனுப்பும் நிறுவனத்தின் கூட்டத்தில் அதைக் கேட்டேன். "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

"ஊசியே போடுங்க" என்கிறேன்.

அவர் கையுறை மாட்டும்போது என் போன் அடிக்கிறது. அந்தக் காலிப் பெட்டி இருக்கும் நிலையத்து நர்ஸ் கிரேஸ் பேசுகிறார். வந்த தாய்மாரை இன்றும் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஒருத்தி மட்டும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நகர மறுக்கிறாளாம். "எப்போது வரும் என்று அவளிடம் சொல்ல?"

"தெரியவில்லை, கிரேஸ்." போனை வைக்கிறேன்.

மருந்தாளரிடம் விஷயத்தைச் சொல்கிறேன்.

"இஞ்சயிருந்து கெதியா அனுப்ப ஏலாதோ, அண்ணை?"

"சீக்கிரம் அனுப்பறதைப் பத்தித்தாங்க நாள் முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசறோம்!" குரல் உயர்ந்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மருந்தாளர் ஊசியை எடுக்கிறார். என் சட்டைக் கையை மேலே ஏற்றுகிறார். சுருக்கென்று ஒரு வலி.

"அவ்வளவுதான், அண்ணை" என்கிறார், பஞ்சை அழுத்தியபடி.