நோணாங்குப்பத்தில் நட்ட கம்பு

கடல் தண்ணீர் ஏறி வற்றுவதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று நம்பிய பைத்தியக்காரன் அன்றைய புதுச்சேரியில் நான் ஒருவன்தான். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை. வாரக் கடைசியில் ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கு வருவேன். "தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு வருஷம் அளந்து கொண்டு வா. இல்லையென்றால் பேசாமல் கான்கிரீட்டில் ஆராய்ச்சி செய்" என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். கான்கிரீட் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும்.

நோணாங்குப்பம் கழிமுகத்தில் அங்குலக் கோடு போட்ட கம்பு ஒன்றை நட்டேன். தினமும் பார்த்து எழுத, அங்கே படகு ஓட்டும் ஒருவரை ஏற்பாடு செய்தேன். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; ஐயா என்பதற்கு பிரெஞ்சுப் பழக்கத்தில் 'முசியே' என்பார். தண்ணீர் முழுக்க ஏறியதும் ஒரு தடவை, வற்றியதும் ஒரு தடவை, நோட்டில் முத்து முத்தாக எழுதி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் போய் அந்த வாரத்துத் தாள்களைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து ஓடி வந்துவிடுவேன்.

எட்டு மாதம் கழித்து வரைபடம் போட உட்கார்ந்தால், கோடு பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது. ஏறினாலும் பதினான்கு அங்குலம், வற்றினாலும் பதினான்கு அங்குலம். அமாவாசை, பௌர்ணமி எதற்கும் அசையவில்லை. எரிச்சலோடு கழிமுகத்துக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

படகுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று என் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"தண்ணி ஏறிடுச்சு முசியே. கம்பு தூரமாப் போயிடுச்சு, நம்பரு தெரியல. அதான் கரையோரமா முழங்கால் தண்ணியில நட்டுப் படிக்கிறேன். வத்தினா திருப்பி உள்ள அதே முழங்கால் ஆழத்துல நட்டுடுவேன். ஒருநாளும் தவறினதில்ல."

எட்டு மாதம்! கோபம் அவர் மேலா, ஒரு நாள்கூடக் கரையில் காத்திருக்காத என் மேலா என்று தெரியாமல் கத்தினேன்.

"தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு தெரியத்தானே அத நட்டேன்!"

"அதுவா? என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. நெறஞ்ச அமாவாசைக்கு ரெண்டு முழம். மத்த நாள்ல ஒரு முழம் வந்தா பெருசு" என்று கையாலேயே அளந்து காட்டினார்.

ஒரு முழத் தண்ணீரில் மாவு மில்கூட ஓடாது. அவரை நம்பப் பிடிக்கவில்லை. கம்பை நானே ஆழமாக அடித்து இறுக்கிவிட்டு, முதல் தடவையாகச் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் மெதுவாக வற்றி, நின்றது. கம்பில் இறங்கியிருந்தது ஒரு முழம்தான்.