கார்த்திகேசு சொல்லாமல் விட்டது

சுங்காய் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட இடத்தில் பிறந்தவன் கார்த்திகேசு. அப்பா ரப்பர் பாலுக்கு மரம் சீவினார். இவன் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறான். முப்பத்தாறு வயது. வம்புதும்புக்குப் போகாதவன், வேலை விட்டால் வீடு என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். யாராவது நீளமாகப் பேசினால், தலையை ஆட்டிக்கொண்டே வேறெதையோ நினைக்கிற பழக்கம் மட்டும் உண்டு. மனைவி தினேஸ்வரி அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

மூத்தவள் துளசிக்கு ஆறு வயதானபோது மகன் கவினேஷ் பிறந்தான். சிலிம் ரிவர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, பிள்ளைக்கு ஜி-சிக்ஸ்-பிடி குறை இருக்கிறது என்றார்கள். சில பொருள்கள் ஆகாது, பட்டால் இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடும், மற்றபடி பயமில்லை. ஐந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிய காலையில், மிஸி என்று அங்கே அழைக்கிற தாதி கார்த்திகேசுவை உட்கார வைத்து, ஒரு தாளைக் கொடுத்து ஒவ்வொன்றாக விளக்கினாள். தினேஸ்வரி அப்போது குளிக்கப் போயிருந்தாள். ஊபாட் கெகாட் வீட்டில் வைக்கவே கூடாது என்று மிஸி மலாயில் சொன்னது காதில் விழத்தான் செய்தது. அது பாச்சை உருண்டை என்றும் அவனுக்குத் தெரியும். தலையாட்டினான். வெளியே எவனோ அவன் காரை மறித்து நிறுத்திவிட்டுப் போயிருந்தான். மனசு அங்கே இருந்தது. தாளை மடித்துக் காரின் கதவுப் பையில் செருகியவன், அதோடு மறந்துபோனான்.

துளசி போட்ட குழந்தைச் சட்டைகளை ஆறு வருஷமாகப் பிளாஸ்டிக் பெட்டியில், பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாள் தினேஸ்வரி. ஒன்றைக்கூடப் பூச்சி அரிக்கவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து மகனுக்கு உடுத்தினாள். "பாத்தீங்களா, புதுசு மாதிரியே இருக்கு" என்று அவனிடம் காட்டவும் செய்தாள். வாசனை அவன் மூக்கிலும் ஏறியது. அப்போதுகூட நினைவு வரவில்லை.

இரண்டாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கே அந்தச் சின்ன உடம்பின் இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றினார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் கிடத்தியிருந்த மகனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி இருவரும் நின்றபோது டாக்டர் விக்னேஸ்வரி வந்தார்.

"வீட்டுல பாச்சை உருண்டை ஏதும் வச்சிருக்கீங்களாம்மா?"

"துணிப் பெட்டியில போட்டிருந்தேன் டாக்டர்."

"பிள்ளைக்கு அது ஆகாதேம்மா. வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லியிருப்பாங்களே?"

"எங்கிட்ட யாரும் சொல்லலியே. சொல்லியிருந்தா போடுவேனா?"

கார்த்திகேசு அவளை ஒட்டித்தான் நின்றான். வாயைத் திறந்தால் போதும். டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதினோரு நாளில் பிள்ளை தேறிவிட்டது. பால் குடித்தது, வீறிட்டு அழுதது. மஞ்சள் ரொம்ப ஏறிவிட்டதால் காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், மூன்றாம் மாதம் சோதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தினேஸ்வரி அந்தப் பெட்டியைத் துணியோடு குப்பையில் போட்டாள். அதன்பின் பிள்ளைக்கு எதை உடுத்தப் போனாலும் பாதியில் கையை எடுத்துக்கொள்வாள். "நீங்களே போட்டு விடுங்க" என்பாள். புதுச் சட்டையையும் மூன்று தரம் அலசி முகர்ந்து பார்ப்பாள். பிள்ளை தூங்கும்போது தலைமாட்டில் கை தட்டுவாள். திடுக்கிடாவிட்டால் இன்னும் பலமாகத் தட்டுவாள்.

"நீ வேணும்னா செஞ்ச? விடுலா தினா" என்று கார்த்திகேசு தேற்றினான். சொல்லும்போதே தன் குரல் அவனுக்கு அருவருத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சித்தியவானில் இருக்கும் அக்காவோடு அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "யாரும் ஒண்ணும் செய்யலக்கா. நாந்தான் என் கையாலயே போட்டு விட்டேன்" என்றாள். அழவில்லை, பக்கத்து வீட்டுச் செய்திபோலச் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவள் போனை வைத்ததும் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"மிஸி எங்கிட்ட சொன்னாங்க தினா. தாளும் குடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பாச்சை உருண்டை ஆகாதுன்னு. நான் சரியா கேக்கல. தாளக் கார்ல வச்சிட்டு மறந்துட்டேன்."



"மறந்தது சரிங்க. டாக்டர் கேட்டப்ப பக்கத்துல நின்னீங்களே, அப்பவுமா மறந்துட்டீங்க?"

அவள் எழுந்து, வாளியில் ஊறிக் கிடந்த துணியை அலசப் போனாள்.

அடுத்த வாரம், மூன்றாம் மாதச் சோதனைக்குப் போனபோது ஈப்போவில், தூங்குகிற பிள்ளையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். வலது காது நன்றாகக் கேட்கிறது. இடது காதில் ஒன்றும் பதிவாகவில்லை. இன்னொரு தரம் பார்த்துவிட்டு காதுக்கு மெஷின் வைக்கலாம், பேச்சு வந்துவிடும் என்றார் டாக்டர். தினேஸ்வரி ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டு, அடுத்த தேதியைத் தானே எழுதிக்கொண்டாள்.

காரில் எப்போதும் முன்னால் உட்காருகிறவள், அன்றைக்குப் பிள்ளையோடு பின்னால் ஏறினாள்.

"சாப்பிட்டுட்டுப் போலாமா?" என்று கேட்டான்.

"வேணாங்க. துளசி ஸ்கூல் விட்டு வந்துருவா. வீட்டுக்கே போலாம்."

குரலில் கோபம் இல்லை. கத்திச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. சுங்காய் வரும்வரை அவள் பிள்ளையின் வலது காதோரம் குனிந்து ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னவென்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.