அக்கா பாடிய பேண்டும் நான் எழுதிய சீட்டும்

மைக்கைத் திறந்ததும் "கூய்ங்" என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்குப் பயம்தான். மண்டபத்தில் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்; நானோ அப்பா வந்துவிட்டாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. பயத்துக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது!

செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், பாட்டென்றால் ஒன்று ரேடியோ, இல்லாவிட்டால் கல்யாண வீடுகளில் மேடை போட்டுப் பாடும் "பேண்டு". டுரியான் துங்காலில் துணிக்கடை வைத்திருந்த காதர் அண்ணன் கீபோர்டு வாசித்து நடத்திய பேண்டில்தான் என் அக்கா செல்வி பாடினாள். தோட்டத்து லாரி ஓட்டிய எங்கள் அப்பாவுக்கு இது தெரியாது. "குடிச்சிட்டு ஆடுறவனுங்க முன்னாடி எம் பொண்ணு பாடணுமா?" என்று ஒருமுறை அவர் கேட்டதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்திருந்தது. அதனால் அம்மாவும் அக்காவும் கூடிப் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் "தையல் கிளாஸ்" என்று ஒரு பொய்யைக் கட்டினார்கள். அந்தப் பொய்க்குத் துணையாக அக்காவோடு பத்து வயது நானும் போவேன். "அப்பாகிட்ட மூச்சு விட்ட, தோல உரிச்சிடுவேன்" என்பாள் அம்மா.

அக்கா சரணத்துக்குப் போகுமுன் லேசாக மூச்சை இழுப்பது மைக்கில் கேட்கும். மேல் சுரம் எட்டுமோ எட்டாதோ என்று நான் பாவாடையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டிவிடுவாள், அப்போதுதான் எனக்கு உயிர் திரும்பி வரும். இன்றைக்கும் எனக்குப் பிடித்த பாடகர்கள் யாரென்று பிள்ளைகள் கேட்டால், பெயர்பெற்றவர்கள் ஒருவரும் வாயில் வருவதில்லை. மழுமழுவென்று திருத்தி எடுத்த பாட்டை நான் காரில் கேட்டுக்கொண்டே காய்கறிக் கணக்குப் போடுவேன். தடுக்கி விழுந்துவிடக்கூடிய குரல் பாடினால்தான் வேலையை வைத்துவிட்டு உட்காருகிறேன்.

அப்போதெல்லாம் மேடையோரத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருப்பார்கள். விருந்துக்கு வந்தவர்கள் வேண்டிய பாட்டையும், யார் யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதையும் "சீட்டு" எழுதி அதில் போடுவார்கள். அறிவிப்பாளர் ஊர், பேர், உறவு எதையும் விடாமல் முழங்குவார். பக்கத்துத் தோட்டத்து "டேவான்" மண்டபத்தில் ஒரு மதிய விருந்து. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "யாரு வூட்டுப் பொண்ணுலா இது? என்னமா பாடுது!" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. பெருமை தலைக்கேறிவிட்டது. ஒரு சீட்டை எழுதி டின்னில் போட்டேன். அறிவிப்பாளர் அதை எடுத்து முழங்கினார்:

"அடுத்த பாடலை, நம் பாடகியும் செலண்டார் லாரி டிரைவர் மாணிக்கம் அவர்களின் மூத்த மகளுமான செல்வியை வாழ்த்தி விரும்பிக் கேட்பது, அவர் குடும்பத்தினர்!"

மண்டபம் கைதட்டியது. ஐயோ, அதில் பாதிப் பேர் அப்பாவைத் தெரிந்தவர்கள்! பாட்டின் முதல் சொல் அக்காவுக்கு வரவில்லை. காதர் அண்ணன் முன்னிசையை மறுபடி வாசித்தார். அவள் பாடினாள், குரல் நடுங்க நடுங்க. அவள் பாடி நான் கேட்டதிலேயே அதுதான் அழகான பாட்டு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பேண்டு வேனில் திரும்பும்போது அவள் என் கையை விடவே இல்லை. எங்களுக்கு முன்பே யாரோ மோட்டார் சைக்கிளில் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

அப்பா வாசற்படியில் நின்றார். சத்தமே போடவில்லை. "எங்க, இத்தன நாளு தச்சதுல ஒன்னக் காட்டு, பாக்கலாம்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா அழுதாள். "திருட்டுத்தனமாப் பாடுனது போதாதுன்னு எம் பேர வேற ஏலம் போட்டிருக்கீங்க. யாரு எழுதிக் குடுத்தது?"

நான் ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தான்பா" என்றாள் அக்கா. "எம் பேர ஒரு தடவ கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"கேட்டாச்சுல்ல. போதும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அக்கா எந்த மேடையிலும் ஏறவில்லை. அடுத்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது.

இப்போது பேண்டுகளும் இல்லை, சீட்டு போடும் டின்னும் இல்லை. போன மாதம் பாயா ரும்புட்டில் அக்காவின் பேத்திக்குக் கல்யாண விருந்து. மடிக்கணினியோடு ஒரு தம்பி வந்து எல்லாப் பாட்டையும் அதிலேயே போட்டு முடித்துவிட்டான். "பாட்டி, நீங்க ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்று பிள்ளைகள் அக்காவிடம் மைக்கை நீட்டினார்கள். "எனக்கு எங்க பாட வரும்" என்று அவள் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் முழுங்கி வைத்திருந்ததை அந்த இரைச்சலிலேயே கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன்க்கா என்னைக் காட்டிக் குடுக்கல?"

அக்கா தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"நீ சின்னப் புள்ளலா, உன்ன அடிச்சிருப்பாரு" என்றாள். கொஞ்சம் சோற்றைப் பிசைந்தாள். "ஆனா, நாந்தான்னு சொல்லிட்டு உம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லுவியான்னு."