மூன்று புள்ளி வீடு

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் விழவில்லை. வாய் மட்டும் இரண்டு வாரம் கோணியிருந்தது. பிரஷர் மாத்திரையைத் தலைசுற்றல் நின்றதுமே நிறுத்தியிருந்தார். பீடியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தானாகவே நடந்து வந்து படியேறியவரைப் பார்த்து, மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுவதும் பிழைத்துக்கொண்டார் என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்குச் சலவைத் தொழில். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு ஒரு குறி வைத்திருந்தார். காலரின் உட்புறம் சேராங்கொட்டை மையால் மூன்று புள்ளி இருந்தால் வக்கீல் வீடு. ஒரு கோடும் ஒரு புள்ளியும் என்றால் யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் விற்கும் கடைக்காரர் வீடு. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதைச் சீண்டவே அப்பா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். சட்டையைக் காட்டி, வேண்டுமென்றே தப்பான வீட்டைச் சொல்வார். நான் திருத்தியதும், "படிச்ச பிள்ளைகிட்ட நம்ம பருப்பு வேகாது" என்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேய்த்த துணிகளைக் கொடுத்துவர அம்மா அவரை அனுப்பினாள். "சும்மா குந்தியிருந்தா மனசு கெட்டுப்போகும்" என்றாள். துணைக்கு நான். மூட்டையைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனோம்.

முதல் வாசலில் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் குறியை வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆரு வீட்டுது, மோளே?"

"நீயே சொல்லுப்பா."

"கடைக்காரரு."

மூன்று புள்ளி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வக்கீல் வீடுப்பா" என்றேன். அவரும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

கடைக்காரர் வீட்டில் நான் பார்ப்பதற்குள் ஓர் அடுக்கைக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுச் சேச்சி வக்கீலின் கறுப்புக் கோட்டைத் தூக்கிக் காட்டி, "சேட்டா, இது எங்ஙளுடெ அல்லல்லோ" என்றார். "அப்பா விளையாடறாரு சேச்சி" என்று நான்தான் சமாதானம் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். அப்பா மறுக்கவில்லை. சைக்கிளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி நின்றார்.

திரும்பும்போது, "அம்மைகிட்ட சொல்ல வேண்டா" என்றார். தோற்றவருக்குக் கூச்சம் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவ்வளவு பெரிய வெற்றியை எப்படி மறைப்பது? அம்மா கஞ்சி ஊற்றும்போதே சொல்லிவிட்டேன். "பதினொரு வீடும்மா. பதினொண்ணும் நான்தான் சொன்னேன். அப்பாவுக்கு ஒண்ணுகூட வரல."

கரண்டி அப்படியே நின்றது. "ஒண்ணுகூடவா?" என்று அம்மா கேட்டது என்னிடம் இல்லை. அப்பா எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் கால் கழுவினார்.

அடுத்த ஞாயிறு அம்மாவே மூட்டையை எடுத்துக்கொண்டாள். அப்பா சட்டை போட்டுத் தலை சீவி வாசல்வரை வந்தார். அம்மா சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் துணி கொடுக்கப் போகவே இல்லை.

இன்று ஒரு ஸ்கேன் சென்டரில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறேன். அப்பாவின் அந்த மறதிக்கு என்ன பெயர் என்று இப்போது எனக்குத் தெரியும். கை கால் தப்பினாலும் நினைவு போய்விடலாம் என்பதும் தெரியும். அப்பா போய் ஆறு வருடமாகிறது. அவர் வேண்டுமென்றே சொல்லும் ஒரு தப்பைக் கேட்க மாட்டோமா என்று இப்போதும் இருக்கிறது.

அன்று வழிநெடுக அவர் என்னிடம் உண்மையாகவே கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஜெயித்துக்கொண்டு வந்தேன்.