கேன்சர் இல்லை என்றால் கத்தியும் வேண்டாமா?

கிளாங் பக்கம் காப்பாரில் இருக்கும் என் தங்கை சாந்தி ஒரு நாள் காலையிலேயே போன் செய்தாள். "அண்ணே, இவரு ஆபரேஷன கேன்சல் பண்ணிட்டாரு. நீங்க வந்து பேசுங்க லா."

இவர் என்றால் அவள் கணவர் குமரேசன். செலாயாங் மார்க்கெட்டுக்கு லோரியில் மீன் ஏற்றிப் போகிறவர். ஒரு வருடத்துக்கு மேலாக அவருக்கு இடது மூக்கு மட்டும் அடைப்பு. புகைமூட்டம் என்றார். லோரி ஏர்கோன் குளிர் என்றார். பார்மசியில் ஸ்ப்ரே வாங்கி அடித்துக்கொண்டார். ஊரையே மூடும் புகை, ஒரு மூக்கை மட்டும் பார்த்துப் பிடிக்குமா? யாருக்கும் அது தோன்றவில்லை.

கைக்குட்டையில் ரத்தம் தெரிந்த பிறகுதான் கிளாங்கில் ஸ்பெஷலிஸ்டிடம் போனார்கள். மூக்குக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார் டாக்டர். பிறகு ஸ்கேன். பிறகு துளி சதையை எடுத்து லேபுக்கு அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 'கேன்சராக இருக்கக் கூடாது, பால்குடம் எடுக்கிறேன்' என்று குமரேசன் முருகனிடம் வேண்டிக்கொண்டார்.

ரிசல்ட் வந்தது. 'இன்வர்டெட் பாப்பிலோமா' — அபூர்வமாக வரும் ஒரு கட்டி. கேன்சர் இல்லை.

நம் ஆட்களுக்கு 'கேன்சர் இல்லை' என்று காதில் விழுந்தால் போதும்... அதற்குப் பிறகு டாக்டர் என்ன சொன்னாலும் ஏறாது. இந்தக் கட்டி உள்பக்கமாக வளரும், எலும்பை அரிக்கும், வேரோடு எடுக்காவிட்டால் திரும்ப முளைக்கும், சிலருக்குக் கேன்சராகவும் மாறும் — எல்லாம் சொல்லியிருக்கிறார். கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று ஸ்கேனையும் காட்டியிருக்கிறார். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்திருக்கிறார். இவரோ மொட்டை போட்டு, பால்குடம் எடுத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் அன்னதானமும் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து 'வரவில்லை' என்று சொல்லிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து காரை எடுத்தேன். போய் உட்கார்ந்ததும் குமரேசன் நிதானமாகச் சொன்னார். "மச்சான், முருகன் குடுத்துட்டாரு. நானும் நேர்த்திக்கடன முடிச்சிட்டேன். இப்ப போயி கத்திய வச்சா, அவரு மேல நம்பிக்க இல்லன்னு ஆயிடாதா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பக்தியோடு வாதாட யாரால் முடியும்?

கோப்பி கொண்டுவந்த சாந்தி, நின்றபடியே கேட்டாள். "நீங்க சாமிகிட்ட என்ன கேட்டீங்க? கேன்சரா இருக்கக் கூடாதுன்னுதானே? அத அவரு குடுத்துட்டாரு. கட்டி போவணும்னு எப்ப கேட்டீங்க?"

குமரேசன் கோப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு" என்றார்.

மூக்கு வழியாகவே ஆபரேஷன். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. கட்டி ஒட்டியிருந்த எலும்பையும் சுரண்டி எடுத்தார்கள். கண் தப்பித்தது. எடுத்த கட்டி முழுவதையும் லேபில் பார்த்தார்கள், அதிலும் கேன்சர் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் இது திரும்பி வரக்கூடிய ஜாதி. இனிப் பல வருடங்களுக்கு அவர் கேமரா பரிசோதனைக்குப் போய்வர வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்துக் கிடக்கிறதா? ஸ்ப்ரேயைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் கோயிலுக்குப் போனால், நானும் கொஞ்சம் விவரமாகத்தான் கேட்கிறேன்.