சத்து ஊசி

என் முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் 2007இல் நான் போட்டுக்கொண்ட மொட்டைக்குத்தான். சிதம்பரத்தில் இருந்த என் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து ஊசி மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. வெளிநாட்டில் யாரோ இப்படி நோயாளிக்குத் துணையாகத் தலையை மழித்துக்கொண்டதை ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். படித்ததை யோசிக்காமல் செய்வதற்கென்றே பிறந்தவன் நான். கடலூரில் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் ஒருவன் திடீரென்று மொட்டையோடு வந்தால் வேண்டுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். எனக்குச் சாமியோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் டைப் அடிக்கிற கோர்ட் வளாகத்தில் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தார்கள். ஒரு வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வயசானவங்களா?" என்றார். இல்லை என்று சொன்னதும் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

சிதம்பரத்தில் கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் இன்னும் இருக்கேன்டா."

பிறகு தலையில் கட்டியிருந்த துணி அவிழும் வரை சிரித்தாள்.

அந்த மாதங்களில் அவள் சிரித்தது அநேகமாக அது ஒன்றுதான். காபி துரு மாதிரி இருக்கிறது என்பாள். பக்கத்து வீட்டில் தாளித்தால் இவள் வாந்தி எடுப்பாள். வாயெல்லாம் புண். மோர்கூட எரிந்தது. எலக்ட்ரிக் கடை வைத்திருந்த மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கடையை மூடிவிட்டுக் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். எப்படியோ முடிந்தது. முடி முளைத்தது, அதுவும் சுருட்டையாக. அக்கா பழையபடி மீன்காரியிடம் சண்டை போடத் தொடங்கினாள்.

2009இல் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை ஈரலில்.

அப்போது அண்ணாகிராமம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவள் மகளுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம், வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மருந்துக் குழம்பு வைக்க, குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்ற, பெற்றவள்தான் வேண்டும். மாமாவின் அம்மா, என் அம்மா இருவருமே இல்லை.

அக்கா டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் எங்கள் இருவரிடமும் நிதானமாகச் சொன்னார். மறுபடி மருந்து ஏற்றலாம். கட்டி கொஞ்சம் அடங்கலாம், சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் போன தடவை பட்டதை இன்னும் நலிந்த உடம்போடு படவேண்டும். வேண்டாமென்றால் வலிக்கு மட்டும் பார்க்கலாம். காலம் குறையும், ஆனால் பெரும்பகுதி நடமாட்டத்தோடு இருப்பார்.

"பொண்ணு பிரசவம் வரைக்கும் தாங்குமா சார்?" என்றார் மாமா.

"தாங்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். அவங்களையே கேளுங்க."

"அவங்களுக்குத் தெரிய வேணாம் சார்," என்றேன் நான்.

"வியாதி யாருக்கு?"

"எங்க எல்லாருக்கும்தான் சார்," என்று உளறினேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கேண்டீனில் டீயை வைத்துக்கொண்டு நானும் மாமாவும் தீர்ப்பு எழுதினோம்.

"ஊசி போட்டுருவோம் மச்சான். ஒண்ணுமே பண்ணாம உட்டுட்டான்னு நாளைக்கு உங்க சனம் என்னைப் பேசும்."

"எங்க சனம் என்னையும்தான் மாமா பேசும்."

எங்களை யார் என்ன பேசுவார்கள் என்பதைத்தான் ஒரு டீ நேரம் முழுக்கப் பேசினோம். அக்காவின் வாய்ப்புண் அந்தப் பேச்சில் வரவே இல்லை. அக்காவிடம் சத்து ஊசி என்று சொல்லிவிடலாம் என்பது என் யோசனை. ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்த மூளை.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"சத்து ஊசியா? அதுக்கு மயிர் கொட்டுமாடா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மின்விசிறியைப் பார்த்தார், ரிப்பேருக்கு வந்ததைப் போல.

"ஸ்கேன் எடுத்தப்பவே தெரியும். ஊசி போட்டா, பொண்ணு வர்றப்போ நான் எழுந்து நிப்பனா?"

அக்கா பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"படுத்துக்கிட்டு இருந்தா அவளுக்கு ஒருத்தி, எனக்கு ஒருத்தின்னு ரெண்டு பேரு வேணும். வேணாம். வலிக்கு மட்டும் கேளு."

"நடுவுல எதாவது ஆயிட்டா?" என்றார் மாமா, மின்விசிறியிடமே.

"ஆனா ஆவட்டும். அப்போ உங்க கஞ்சி இருக்குல்ல, ஊத்துங்க."

மாமா அழுதார். நான் ஜோக் அடிக்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, வலிக்கு மட்டும் கேட்க டாக்டரிடம் போனேன்.

வளைகாப்பு நடந்தது. பேரன் பிறந்தான். மாத்திரையின் வேகத்தில் அக்கா பகலில் ஓடியாடினாள். மாத்திரை இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவனுக்குத் தலை நிற்கும் வரை அவளே தண்ணீர் ஊற்றினாள். அதற்கு மேல் முடியவில்லை. அந்த மழைக்காலத்தில் போய்விட்டாள். ஊசி போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா, முன்னாலேயே போயிருப்பாளா என்று மாமா இன்னும் கேட்கிறார். எனக்குத் தெரியாது.

குழந்தை பிறந்த புதிதில் ஒருநாள் கடலூர் துறைமுகத்திலிருந்து பால்சுறா வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு. பஸ்ஸில் கண்டக்டர் என் பையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அக்கா மீனை வேகவைத்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புரட்டினாள். இடது கை இடுப்பில் வலியை அழுத்தியபடியே இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, பிரசவம்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே. இப்பவாவது அந்த ஊசியைப் போட்டுக்கலாமில்ல?"

அவள் தட்டை என் கையில் வைத்தாள்.

"புட்டு ஆறுது, கொண்டுபோய்க் குடு."