கல் சுவருக்குள் ஒரு காலிப் பைப்

ஜெயமகால் பக்கம் மரங்களுக்குள் ஒளிந்திருந்த அந்த வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது, அங்கே சுவிட்ச் போர்டில் புகை வந்த அன்று. தொண்ணூறுகளின் நடுவில் வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டைப் பார்த்ததும் வந்த வேலை மறந்துவிட்டது. ஐம்பதுகளில் கட்டியது. நீளமான தட்டைக் கூரை. தோட்டத்துப் பக்கம் சுவருக்குப் பதில் முழுக்கக் கண்ணாடி, மற்ற பக்கமெல்லாம் பூச்சே காணாத கருங்கல். சில்வர் ஓக் மரங்கள் ஹாலுக்குள்ளேயே நிற்பதுபோல் இருந்தன. ஆஸ்டின் டவுனில் ஒற்றை ஜன்னல் வீட்டில் குடியிருந்த எனக்குப் பொறாமைகூட வரவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்காரர் சரோஜாம்மா, ரிட்டயர்டு லெக்சரர், தனியாக இருந்தார். பழைய ரப்பர் வயர் தொட்டால் உதிர்ந்தது. மாற்றியே தீர வேண்டும்.

"சுவத்தக் கொத்தணும்மா. இல்லேன்னா மேலயே பிளாஸ்டிக் பட்டி அடிச்சுக் கொண்டுபோகலாம்" என்றேன்.

"ரெண்டும் பேடாப்பா, வேண்டாம். இந்தக் கல்லக் கொத்தினா வீடே போச்சு. அதுக்கு என் பையன் சொல்றாப்பல பில்டருக்கே குடுத்துடறேன். இடிக்கறத நான் பாக்காம எங்கயாவது போயிடறேன்." குரல் உடைந்துவிட்டது.

மிச்சமிருந்தது ஒரே வழி. சுவருக்குள் பதித்த பைப்பில் ஓடும் பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி இழுக்க வேண்டும். நானும் என் வயர்மேன் ரஹீம் பாயும் இழுத்தோம். பைப்போடு ஒட்டிப்போயிருந்த வயர் பாதியில் அறுந்தது. அடுத்த பாயிண்டிலும் அதே கதை.

"எந்தப் புண்ணியவான் போட்டானோ, நம்ம உசுர வாங்கறான்" என்று முகம் தெரியாத அந்தப் பழைய எலக்ட்ரீஷியனைத் திட்டித் தீர்த்தேன்.

ஏணிமேல் நின்று கூரை ஸ்லாபில் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸைத் துழாவிக்கொண்டிருந்த ரஹீம் பாய், "அண்ணா, திட்டாதீங்க. இங்க இன்னொரு பைப் கீது. மரக்கட்ட வெச்சு அடைச்சிருக்கான்" என்றார்.

கட்டையைப் பிடுங்கினால் உள்ளே ஒரு ஜிஐ கம்பி. நுனியை வளைத்து, துருப்பிடிக்காமல் இருக்க மெழுகு தடவியிருந்தது. கீழே சுவிட்ச் பெட்டியிலும் அதே மாதிரி ஒரு கட்டை. அதைப் பிடுங்கிக் கம்பியை அசைத்தேன். மேலே ரஹீம் பாய் கையில் அது ஆடியது.

எல்லா அறைக்கும் இப்படி ஒரு காலிப் பைப், உள்ளே இழுப்பதற்குத் தயாராக ஒரு கம்பி. என்றைக்கோ ஒருவன் வயர் மாற்ற வருவான், அவன் இந்தக் கல்லைத் தொடக் கூடாது என்று நினைத்திருக்கிறார் அந்த மனுஷர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

புது வயர் முரண்டு பிடிக்காமல் போனது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. சரோஜாம்மா ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, மகனுக்கு போன் செய்தார். "விக்கலப்பா. முடிஞ்சது பேச்சு."

புது வயர்களோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விட்டிருந்தேன். அதற்குப் பிறகு எடுத்த எல்லா வேலையிலும் இதை வழக்கமாக்கிக்கொண்டேன். அன்று நான் அந்தக் கயிற்றின் நுனியைப் பெட்டிக்குள் சுருட்டி வைப்பதை சரோஜாம்மா பார்த்தார்.

"இது எதுக்குப்பா?"

"அடுத்து வர்ற வயர்மேனுக்கும்மா."

"யாரு வருவா?"

"தெரியலம்மா. நான் வருவேன்னு அந்தக் கம்பிய விட்டு வெச்ச ஆளுக்கும் தெரியாதே."